முதல் மூச்சும் சிசுவின் இருதயமும்

(சங்க மண்டபத்தில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



உங்கள் சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசவேண்டும்" என்று கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ பற்களைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பின்னர் யோசித்துப் பார்த்தேன். இங்கே வந்திருப்பவர்களிற் பெரும்பாலோர் இளைஞர்கள். இரண்டொரு வருடங்களில் தகப்பன்மாராகப் போகிறவர்கள். பிரசவ அறையின் வாசலிலே கையைப் பிசைந்துகொண்டு, உள்ளேயிருந்து ஓர் அழுகுரல் வராதா என்று காத்து நிற்கப் போகிறவர்கள். அந்த அழுகுரல் வரத் தாமதித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. அதையே இன்று சொல்லலாம் என்று துணிந்தேன்.

பிறக்கும்போது மூச்சடைத்த குழந்தையைப் பற்றி நினைக்கும்போது, நாம் சுவாசப்பையை நினைக்கிறோம். அதற்கடுத்து மூளையை நினைக்கிறோம். இருதயத்தை நினைப்பவர் குறைவு. ஆயினும், இந்த நிலைக்கு மேனாட்டு வைத்தியர் வழங்கும் 'அஸ்பிக்சியா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிரேக்கச் சொல். அதன் முதற்பொருள் மூச்சின்மை அன்று, நாடியின்மை. பழைய கிரேக்கர் எந்தக் கருத்தில் அதை வழங்கினாலும், பிரசவ அறையில் நிற்கும் எங்களுக்கு அப்பெயர் பொருத்தமாகவே படுகிறது. மூச்சுக்காக நடக்கும் போராட்டத்தில் முன்னின்று காப்பதும் இருதயம், அடிபடுவதும் இருதயம்.

பிறப்பதற்கு முன்

தாயின் வயிற்றிலுள்ள சிசு சுவாசப்பையால் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு நச்சுக்கொடியின் வழியாக, தாயின் இரத்தத்திலிருந்து கொப்பூழ்க்கொடிக்கு வந்து சேருகிறது. சுவாசப்பைக்கு வேலையில்லாதபடியால், இரத்தத்தின் பெரும்பகுதி அதனைச் சுற்றிச் செல்ல இரண்டு குறுக்கு வழிகள் உள்ளன. ஒன்று, இருதயத்தின் மேலறைகளாகிய வலச் சோணையறைக்கும் இடச் சோணையறைக்கும் நடுவிலுள்ள ஒரு துவாரம். மற்றது, சுவாசப்பைக்குச் செல்லும் பெருங்குழாயையும் உடம்புக்குச் செல்லும் பெருங்குழாயையும் இணைக்கும் ஒரு சிறு குழாய். 1628ஆம் ஆண்டில் இரத்த ஓட்டத்தைப் பற்றித் தமது நூலை வெளியிட்ட வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர், சிசுவின் இந்த வழிகளையும் அந்நூலிலே ஆராய்ந்திருக்கிறார்.

கருவிலுள்ள சிசுவின் இரத்தத்தில் பிராணவாயு நம்முடையதிலும் எவ்வளவோ குறைவு. உயர்ந்த மலையுச்சியில் வாழ்பவனுடைய நிலை அதற்கு. எனினும் அது வாடுவதில்லை. அதன் இரத்தத்திலுள்ள செம்பொருள் பிராணவாயுவை இறுகப் பற்றும் தன்மை வாய்ந்தது. இருதயமும் வேகமாக, நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கிறது.

பிறந்ததும் குழந்தை வீரிட்டு அழுகிறது. சுவாசப்பை விரிகிறது. அதுவரை இறுகியிருந்த அதன் இரத்தக் குழாய்கள் தளர்ந்து வழிவிடுகின்றன. சோணையறைகளுக்கிடையிலான துவாரத்தை ஒரு மெல்லிய மடல் சாத்திக்கொள்கிறது. மற்றக் குழாய் ஓரிரு நாட்களிற் சுருங்கி அடைபடுகிறது. பத்து மாதம் ஒரு வழியில் ஓடிய இரத்தம் சில நிமிடங்களுக்குள் வேறு வழியில் ஓடத் தொடங்குகிறது. நம் வாழ்நாளில் இருதயம் சந்திக்கும் மாற்றங்களில் இதனிலும் பெரியது வேறொன்றில்லை. அந்த மாற்றத்துக்கு முதல் மூச்சே திறவுகோல்.

மூச்சடைப்பும் இருதயமும்

கருப்பை நோவெடுத்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் நச்சுக்கொடிக்கு வரும் இரத்தம் சற்றுக் குறைகிறது. நோவு தணிந்ததும் மீண்டும் வருகிறது. சுகதேகியான சிசு இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால், கொடி முன்னே நழுவி விழுந்து நசுங்கினாலும், நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றாலும், பிரசவம் தடைப்பட்டு நீண்டாலும், நோவை அதிகரிக்கும் மருந்து அளவுமீறிப் போய் நோவுக்கும் நோவுக்கும் இடையே ஓய்வில்லாமற் போனாலும், சிசு திணறத் தொடங்குகிறது. தாயின் இரத்த அழுத்தமும் கடுமையான இரத்தச் சோகையும் இந்த ஆபத்தைப் பெருக்குவன.

அப்பொழுது சிசுவின் உடம்பு என்ன செய்கிறது? பஞ்ச காலத்தில் வீட்டுக்காரி உள்ள அரிசியை யாருக்கு முதலிற் கொடுப்பது என்று கணக்குப் பார்ப்பதுபோல, உள்ள பிராணவாயுவைப் பங்கிடுகிறது. தோலுக்கும் தசைக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகளுக்கும் அனுப்புகிறது. இருதயம் தன் துடிப்பைக் குறைத்துச் செலவைச் சுருக்குகிறது. இந்தப் பங்கீடு சிறிது நேரமே பலிக்கும். பிராணவாயு கிடையாத தசை சர்க்கரையை அரைகுறையாய் எரித்து இலற்றிக் அமிலத்தைச் சேர்க்கிறது. இரத்தம் புளிக்கிறது. புளித்த இரத்தத்தில் இருதயத் தசை வலுவிழக்கிறது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரத்து நஃபீல்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெஃப்ரி டோஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளான ஜோன் மொட், ஹெதர் ஷெல்லி ஆகிய பெண்மணிகளும் இதனை ஆராய்ந்து 1959இல் வெளியிட்டார்கள். ஆட்டுக் குட்டிகளிலும் வேறு மிருகங்களின் குட்டிகளிலும் பார்த்தபோது, இருதயத் தசையிலே சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோசன் என்னும் மாச்சத்து எவ்வளவுக்கு இருக்கிறதோ அவ்வளவுக்கு அக்குட்டி மூச்சடைப்பைத் தாங்குகிறது என்று கண்டார்கள். மூளையன்று, சுவாசப்பையன்று, இருதயத்தின் களஞ்சியமே உயிரின் தவணையைக் குறிக்கிறது. இதனாலேதான், வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்து மெலிந்த சிசு விரைவிற் களைத்துவிடுகிறது. அதன் களஞ்சியம் முன்னரே வற்றிப் போயிற்று.

களஞ்சியம் ஒழிந்தபின் துடிப்பு 60க்குக் கீழ் இறங்குகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. பங்கீடும் நின்றுவிடுகிறது. இருதயம் தளர்ந்தால் மூளைக்கு இரத்தம் அனுப்ப யார் இருக்கிறார்கள்? மூளைச் சேதத்துக்கும் இருதயத் தளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

அடிபட்ட இருதயம்

வயது வந்தவருக்கு மாரடைப்பு வருவது, கொழுப்புப் படிந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதால். சிசுவின் குழாய்கள் மாசற்றவை. ஆயினும் குழாய் திறந்திருக்க, அதில் ஓடும் இரத்தத்திற் பிராணவாயு இல்லாமையால் தசை அழுகிறது. கிணறு தூராமலே நீர் வற்றியது போன்ற நிலை இது.

பெரும்பாலும் அடிபடுவது வலப்பக்கம். ஏனெனில் மூச்சு வராத குழந்தையின் சுவாசப்பைக் குழாய்கள் தளராமல் இறுகியே நிற்கின்றன. அவற்றுக்கெதிராகத் தள்ள வேண்டியது வல இதயவறை. அதனுள்ளே, முக்கூர் வால்வின் இதழ்களை நாண் போட்டு இழுத்துப் பிடிக்கும் சிறு தசைகள் உண்டு. வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலைப் போல, இரத்தம் கடைசியாகச் சென்று சேரும் இடங்களில் அவையும் ஒன்று. தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது அந்த வயலே. அவை தளர்ந்தால் வால்வு சரியாக மூடாது. இரத்தம் பின்னோக்கிப் பாயும். நெஞ்சிற் காது வைத்துக் கேட்டால் ஒரு சலசலப்புக் கேட்கும்.

1972இல் றோ, ஹொஃப்மன் என்னும் வைத்தியர்கள், நிறைமாதத்திற் பிறந்தும் கடும் மூச்சுத்திணறலோடு இருதயம் தளர்ந்த சிசுக்களைப் பற்றி எழுதி, இருதயத் தசைக்குப் பிராணவாயு போதாமையே அதற்குக் காரணமென்று விளக்கினார்கள். அதற்கு முன் இத்தகைய குழந்தைகளிற் பலவற்றைப் பிறவி இருதயக் கோளாறு உடையவை என்று எண்ணியிருப்போம். இன்று இருதய மின்வரைவும், எதிரொலிப் படமும், சேதமடைந்த தசையிலிருந்து இரத்தத்திற் கசியும் துரோப்போனின் என்னும் பொருளை அளக்கும் சோதனையும் உண்மையைப் பிரித்துக் காட்டுகின்றன.

ஓர் இரவின் கதை

அன்பர்களே, நூலறிவு மாத்திரம் சொல்லி அமர என் மனச்சாட்சி விடவில்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி. நோவு மந்தமாக இருந்ததால் அதைத் தூண்டும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அன்றிரவு அறையில் நான்கு தாய்மார். பார்ப்பதற்கு ஒரே மருத்துவமாது. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவளுக்கு இரத்தப்பெருக்குக் கண்டது. நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம். அவள் பிழைத்தாள். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம், தலைப்பிள்ளைக்காரியின் வயிற்றில் ஒருவரும் காது வைத்துக் கேட்கவில்லை. அன்று கடமையிலிருந்த வைத்தியன் நான். 'ஒருவரும்' என்பதில் நானும் அடக்கம்.

கேட்டபோது சிசுவின் துடிப்பு 70. ஆயுதம் போட்டு எடுத்தோம். வெளுத்துத் துவண்டு பிறந்தது. துடிப்பு நாற்பதளவில். துடைத்து, முகமூடி வைத்துப் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தோம். நெஞ்சு எழும்பி விழ, துடிப்பும் மெல்ல மெல்ல நூறைத் தாண்டியது. எட்டாவது நிமிடம் தானாக ஒரு மூச்சு இழுத்தது. வாசலில் நின்ற தகப்பன், இருபத்தைந்து வயதுப் பொடியன், சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆறு மணி நேரத்தில் கைகால் குளிர்ந்தது, நாடி நூலாயிற்று, ஈரல் வீங்கியது, நெஞ்சில் அந்தச் சலசலப்பு. வலிப்பும் கண்டது. இருதயத்துக்கு வலுவூட்டும் மருந்தை நரம்பில் ஏற்றி, நீரை அளந்து அளந்து கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் சலசலப்பு மறைந்தது.

ஏழு வருடங்களின் பின் அந்தத் தாய் பிள்ளையோடு வந்தாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு வைத்தியரின் கையெழுத்து வேண்டுமாம். "ஐயா, இவன்ரை நெஞ்சு ஓடத் தாங்குமோ?" என்று கேட்டாள். சோதித்தேன். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை. "தாராளமாக ஓடட்டும்" என்றேன். பையன் ஓடிக் காட்டினான். இடது காலைச் சற்று இழுத்தே ஓடினான்.

இருதயம் மன்னித்துவிட்டது, மூளை மறக்கவில்லை. அன்று நான் கற்ற பாடம் இது.

இருதயம் தேறுவது எப்படி?

உயிர் தப்பிய சிசுக்களிற் பெரும்பாலானவற்றின் இருதயம் நாட்களில், அன்றேல் வாரங்களில், பழைய நிலைக்குத் திரும்புகிறது. சேதம் மிகக் கடுமையானால் உயிரே போவதும் உண்டு. ஆனால் பிழைத்தால் தேறும். பிறந்த சிசுவின் இருதயத் தசைக்கு வளரும் ஆற்றல் இன்னும் மிஞ்சியிருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். 2011இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருநாள் வயதுள்ள எலிக்குஞ்சின் இருதய நுனியை வெட்டியபோது அது மீண்டும் வளர்ந்தது. ஏழு நாள் வயதுக்குள் அந்த ஆற்றல் அற்றுப் போயிற்று. மனிதருக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. எனினும் நம்பிக்கை தரும் செய்தி.

சிகிச்சையில் முதலாவது மூச்சு. முற்காலத்தில் மூச்சற்ற குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள்; குளிர்ந்த நீரில் தோய்ப்பார்கள். இவை தீங்கானவை. துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், முதல் நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு காற்றுக் கொடுக்க வேண்டும். சுவாசப்பை விரிந்தால் இருதயம் பெரும்பாலும் தானாகவே எழும்பும். அப்படியும் துடிப்பு 60க்குக் கீழே நின்றாற்றான் நெஞ்சை அமுக்குதல்; மூன்று அமுக்கத்துக்கு ஒரு மூச்சாக, நிமிடத்துக்கு 90 அமுக்கமும் 30 மூச்சும். அதற்கும் மசியாவிடில் அதிரினலின். இந்தக் கடைசி நிலைக்கு வரும் குழந்தைகள் ஆயிரத்தில் ஒன்றிரண்டே.

1952இல் விர்ஜீனியா அப்கார் என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியர் வகுத்துக் கொடுத்த புள்ளி முறையைப் பலரும் அறிவீர்கள். துடிப்பு, மூச்சு, நிறம், தசையின் இறுக்கம், தூண்டினாற் காட்டும் எதிர்ச்செயல் என்னும் ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிக்காகக் காத்திருந்து சிகிச்சை தொடங்கக் கூடாது. முதல் நிமிடம் முடியுமுன்னரே கை வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று உங்களுக்கு வியப்பாயிருக்கும். பிராணவாயுக் குறைவால் வாடிய சிசுவுக்குச் சுத்தமான பிராணவாயுவைத்தானே கொடுக்க வேண்டும்? நாங்களும் அப்படித்தான் நெடுங்காலம் எண்ணினோம். நோர்வே தேசத்து சௌக்ஸ்டாட் என்பவரும் பல நாட்டு வைத்தியரும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சாதாரணக் காற்றே போதும் என்று கண்டார்கள். வாடிய பயிருக்குத் திடீரென்று வெள்ளம் பாய்ச்சினால் அழுகும் அன்றோ? அளவுமீறிய பிராணவாயுவும் திசுக்களைச் சுடும். 2010ஆம் ஆண்டிலிருந்து, நிறைமாதக் குழந்தைக்குக் காற்றிலேயே தொடங்கும்படி உலக வழிகாட்டிகள் சொல்கின்றன.

மூளையைக் காக்கச் சிசுவின் உடம்பை 33.5 பாகை வரை மூன்று நாள் குளிர்விக்கும் சிகிச்சை, 2005ஆம் ஆண்டின் ஆராய்ச்சிகளுக்குப் பின் மேனாடுகளில் நிலைபெற்றது. குளிரிலே இருதயமும் மெதுவாகத் துடிக்கும். ஆனால் மேனாட்டில் நன்மை செய்தது எங்கும் நன்மை செய்யும் என்று எண்ணுதல் தவறு. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஹீலிக்ஸ் ஆய்விலே, குளிர்வித்த சிசுக்களில் நூற்றுக்கு 42 இறந்தன. குளிர்விக்காதவற்றில் நூற்றுக்கு 31. நம் குழந்தைகளின் நோய்க்கு மருந்தை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வருமுன் காத்தல்

எல்லாவற்றிலும் மேலானது, வயிற்றிலிருக்கும்போதே அந்தச் சிறு இருதயத்தின் குரலுக்குச் செவிசாய்த்தல். 1820களின் தொடக்கத்தில், பாரிஸ் நகரத்தில் கெர்கராடெக் என்பவர் கர்ப்பிணியின் வயிற்றிற் செவிக்குழாய் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்டு உலகுக்குச் சொன்னார். 1895இல் பினார் என்பவர் அதற்கென்று மரக்குழல் ஒன்றை அமைத்தார். மின்சாரமோ சில்லறைச் செலவோ வேண்டாத அந்தக் குழல் இன்றும் பயன்படுகிறது. நோவு காலத்தில் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையும், பிள்ளை வெளிவரும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். கேட்பதற்கு வேண்டியது ஒரு குழல், ஒரு மணிக்கூடு, அவற்றைப் பிடிக்கப் போதிய கைகள். அந்தக் கைகள் போதாமற்போன இரவையே உங்களுக்குச் சொன்னேன்.

நம் நாடு இத்துறையிற் பின்தங்கியதன்று. மானிப்பாயிற் பணிபுரிந்த கிறீன் வைத்தியர் 1857லேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டார். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதர் கிராமங்களிற் செய்த தொண்டினால், இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியிலேயே பிறக்கின்றன. அந்தத் தொண்டு முழுப்பயன் தருவது உங்கள் கையிலும் இருக்கிறது.

வாலிப அன்பர்களே, உங்களுக்கு ஐந்து வேண்டுகோள்.

ஒன்று: வயிற்றிற் பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது என்று மனைவி சொன்னால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அன்றே கொண்டு போங்கள். இரத்தம் கண்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும் அப்படியே.

இரண்டு: தாயின் இரத்தச் சோகையையும் இரத்த அழுத்தத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். கிளினிக்குக்கு அவளைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள்.

மூன்று: நல்ல நட்சத்திரம் தப்பிவிடும் என்று, காரணமின்றி 39 வாரத்துக்கு முன் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்லி வைத்தியரை நெருக்காதீர்கள். முந்தி எடுத்த பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வரும். அதேபோல், சிசு திணறுகிறது, உடனே எடுக்க வேண்டும் என்று சொல்லும்போது, சுகப்பிரசவமே வேண்டும் என்று தடுத்து நிற்காதீர்கள்.

நான்கு: இரத்ததானம் செய்யுங்கள். தாயின் உயிர் காக்கும் இரத்தம் ஆயத்தமாய் இருந்தால், அவளைக் காப்பாற்ற நின்றவர்கள் அடுத்த கட்டிலுக்கு விரைவில் திரும்புவார்கள். இதற்கு உங்கள் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கலாம்.

ஐந்து: பிள்ளை மூச்சடைத்துப் பிறந்தால் தாயைக் குறை சொல்லாதீர்கள், ஜாதகத்தையும் குறை சொல்லாதீர்கள். சிலவேளை காரணம் எங்களுடைய கவனக்குறைவு. சிலவேளை யாராலும் தடுக்க முடியாதது. எப்போதும் அது அவளுடைய குற்றமன்று. இருதயம் தேறிய பின்னும் அந்தப் பிள்ளையைத் தவறாமல் வைத்தியரிடம் காட்டி, கேட்கிறதா, பார்க்கிறதா, தலை நிமிர்கிறதா என்று கவனித்து வாருங்கள். காலத்தோடு தொடங்கும் பயிற்சி பிள்ளையை எவ்வளவோ தூரம் நடத்திச் செல்லும்.

நான் சொன்ன பையன் அந்தப் போட்டியில் ஓடினான். கடைசியாகத்தான் வந்தான். தாய் எல்லைக் கோட்டில் நின்று கைதட்டினாளாம். நான் இன்றுவரை, இரவில் எத்தனை வேலை இருந்தாலும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் அந்த மரக்குழலை எடுத்துக் காது வைக்கிறேன். அந்தக் கடனை அவ்வாறே தீர்த்து வருகிறேன்.